எங்கள் சுவரில் மாட்டிய தெரு

எங்கள் வீட்டில் காகிதத்துக்கென்று ஓர் இடம் இருந்ததே இல்லை. வாடகை ரசீது பாய்க்கு அடியில் கிடக்கும். கல்யாணப் பத்திரிகை முருகர் படத்துக்குப் பின்னால் இருக்கும். மருந்துச் சீட்டு அரிசிப் பானைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நைனாவின் துறைமுக பாஸ் எங்கே இருக்கிறது என்று முருகருக்கே தெரியாது. தினமும் காலையில் நைனா அதைத் தேடுவதும், "நேத்து கையிலதானே வச்சிகினு இருந்தே" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பதும் எங்களுக்குச் சேவல் கூவுவதைப் போல. அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். அப்படிப்பட்ட வீடு முக்கால் வருஷம் இராயபுரத்தில் ஒரு தெருவுக்கே தபாலாபீசாக இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

அது சண்டைக்காலம். ஜப்பான்காரன் வரப்போகிறான், வந்தால் முதல் குண்டு துறைமுகத்தில்தான் விழும் என்று பட்டணம் முழுக்கப் பேச்சு. எங்கள் தெருவோ துறைமுகத்தின் முதுகில் உட்கார்ந்திருந்த தெரு. கிரேன் இரும்பு கிறீச்சிடுவது வீட்டுக்குள் கேட்கும். சித்திரை பிறந்த சில நாட்களில் தெரு காலியாகிவிட்டது. மாட்டுவண்டியிலும் கைவண்டியிலும் பாத்திர பண்டத்தை ஏற்றிக்கொண்டு, அவரவருக்கு எந்த ஊரில் ஒட்டு உறவு இருந்ததோ அங்கே போனார்கள். உறவில்லாதவர்கள்கூட உறவைக் கண்டுபிடித்துக்கொண்டு போனார்கள்.

நைனா கிரேன் ஓட்டுகிறவர். வேலையை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. அம்மாவையும் என்னையும் திருத்தணிப் பக்கம் அனுப்பிவிடலாம் என்று பார்த்தார். அம்மா அசையவில்லை. "நான் பூட்டா இவரு பாஸை யாரு தேடிக் குடுப்பா?" என்றாள். எத்தனை பேர் வந்து புத்தி சொன்னாலும் இதே பதில்தான். புருஷனை விட்டுப் போக மனசில்லை என்று வாயால் சொல்லுகிற வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் இல்லை.

பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பு. படிக்கக் கற்றுக்கொண்ட புதுசு என்பதால் எதைப் பார்த்தாலும் படிப்பேன். படிக்கத்தான் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் தபால்காரர் வந்தார்.

அவர் வழக்கம்போலத் தெருமுனையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வருவார். ஒரு வீட்டிலிருந்தும் குரல் வராது. நாய்தான் வரும். வெயிலில் நின்று தலைப்பாகையைக் கழற்றித் துடைத்துக்கொள்வதைப் பார்த்து அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

"ஆள் இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பணும்மா. சட்டம் அதான்" என்றார் அவர், கையிலிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஆளு எங்க இல்லாம பூட்டாங்க? ஊருக்குத்தானே போய்கீறாங்க. வந்து கேட்டா நீ இன்னா பதில் சொல்லுவே? இங்க குட்துட்டுப் போ."

அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது போலிருக்கிறது. மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தெருவின் தபாலெல்லாம் எங்கள் வீட்டு வாசற்படியோடு நின்றது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சொந்தக் காகிதத்துக்கு ஒரு மூலை ஒதுக்காதவள், அடுத்த வீட்டுக் காகிதம் என்றதும் வேறு ஆளாகிவிட்டாள். எங்கள் முன் அறை அகலம் குறைந்து நீளமாக இருக்கும். அதன் நடுவில் நின்றுகொண்டு ஒரு நாள் காலை அம்மா இந்தப் பக்கச் சுவரையும் அந்தப் பக்கச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நைனாவிடம், கப்பலிலிருந்து இறங்கும் மரப்பெட்டிகளைக் கட்டி வருகிற கம்பி கேட்டாள். நைனா ஒரு சுருள் கொண்டுவந்து போட்டார். அம்மா அதைத் துண்டு துண்டாக வெட்டி, நுனியைக் கூராக்கி, கொக்கியாக வளைத்தாள். வலது சுவரில் தெருவின் வலது சாரி, இடது சுவரில் இடது சாரி. கடல் பக்கத்து முனைவீட்டுக்கு வாசலோரம் ஓர் ஆணி, அதற்கடுத்த வீட்டுக்கு அடுத்த ஆணி என்று வரிசையாக அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியை மாட்டினாள். அடித்து முடித்தபோது எங்கள் தெரு முழுவதும் எங்கள் அறைக்குள் வந்துவிட்டது. வீட்டு நம்பர் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. நான் பேரைப் படித்தால் போதும், அம்மா தெருவில் நடப்பதுபோல் நாலடி நடந்து சரியான வீட்டில் கொண்டுபோய் மாட்டிவிடுவாள்.

மாட்டும்போது எழுத்தின் மேல் ஓட்டை விழக் கூடாது. எழுத்தில்லாத மூலையாகப் பார்த்துச் சொல்வது என் வேலை. பேரைத் தவிர வேறெதையும் படிக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. நானும் வாயால் பேரை மட்டும்தான் படித்தேன். கார்டில் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு அனுப்பினால் என் கண் என்ன செய்யும்?

சாயங்காலம் கடல்காற்று உள்ளே நுழைந்தால் இரண்டு சுவரும் சலசலக்கும். நைனா பாயில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக் கடுப்பாவார். "ஊர்ல கீற காயிதத்துக்கெல்லாம் இந்த வூட்டுல எடம் கீது. என் பாசுக்கு ஒரு ஆணி அடிக்கக் கூடாதா?" என்றார் ஒரு நாள். "நீயும் தெருவ வுட்டுப் போ, உனக்கும் ஒண்ணு அடிக்கிறேன்" என்றாள் அம்மா.

இடது சுவரில் நடுவாக இருந்தது எதிர்வீட்டு அக்காவின் ஆணி.

அக்கா நாகப்பட்டினத்துப் பெண். கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நாங்கள் "கீது" என்றால் அவள் "இருக்கு" என்பாள். தெருப் பிள்ளைகள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். சின்ன வயசிலேயே அவளுக்கு அம்மா செத்துப்போய்விட்டாள். படகோட்டியான அப்பாதான் தலைவாரிப் பூ வைத்து வளர்த்தாராம். "எங்கப்பா பின்னுன சடை ரெண்டு நாளானாலும் அவுறாது. கயிறு முறுக்குற கையில்ல" என்று என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே எனக்குத் தலை பின்னிவிடுவாள். அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அந்தக் குறை அக்கா வந்தபின் தீர்ந்தது.

தெரு காலியானபோது அக்காவுக்கு நாலு மாசம். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டியவள். ஆனால் நாகப்பட்டினமும் கடலோரம்தான், அங்கேயும் இதே பயம். அதனால் அரக்கோணத்துக்கு அப்பால் இருந்த மாமியார் கிராமத்துக்கு அனுப்பினார்கள். அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தார். வீட்டைப் பூட்டிவிட்டு, ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்தில் கூட்டாளிகளோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டார். கிராமத்துக்குத் தபால் போவது அபூர்வம் என்பதால் கடுதாசியெல்லாம் இராயபுரத்துக்கே வரட்டும், மாமா வந்து வாங்கிக்கொண்டு போவார் என்று ஏற்பாடு. மாமாவுக்கு ஓய்வு என்பதே இல்லாமல் வேலை. அவர் வரவே இல்லை.

வண்டி ஏறும்போது அக்கா என்னைத்தான் கூப்பிட்டாள். "எங்கப்பா கடுதாசி வந்தா பத்திரமா வச்சிரு கண்ணு. நான் வந்ததும் நீதான் படிச்சுக் காட்டணும்."

அவள் அப்பாவுக்கும் எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல ஒரு வாத்தியார் எழுதுவார். 'நலம், நலமறிய அவா' என்று வாத்தியார் ஆரம்பிப்பார். நாலு வரி போனதும் அப்பா உள்ளே புகுந்துவிடுவார். சித்திரையில் ஒன்று, வைகாசியில் ஒன்று, ஆனியில் ஒன்று என்று மூன்று கார்டுகள் வந்தன. சித்திரைக் கார்டில் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தார். வைகாசிக் கார்டில் வெள்ளாடு குட்டி போட்டதும், அது அக்காவின் பழைய பாவாடையைத் தின்றுவிட்டதும் இருந்தது. ஆனிக் கார்டில், 'உன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டப் படகுப் பாயில் நல்ல பாகமாகப் பார்த்துக் கிழித்து வைத்திருக்கிறேன். உப்பு போக அலசிக்கொண்டே இருக்கிறேன். பிள்ளை பிறந்த சேதி தெரிந்தவுடன் நானே கொண்டுவருவேன்' என்று இருந்தது. மூன்றையும் நானே மூலை பார்த்துக் கொடுத்தேன், அம்மா மாட்டினாள்.

ஆடி மாசத்தில் ஒரு நாள் தபால்காரர் கட்டிலிருந்து ஒரு கார்டை மட்டும் தனியாக விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு வந்தார். அதைக் கொடுத்துவிட்டு, வழக்கமாகக் குடிக்கிற தண்ணீரையும் குடிக்காமல் போய்விட்டார். கார்டின் நாலு மூலையிலும் கறுப்பு மை தடவியிருந்தது.

மஞ்சள் தடவி வந்தால் நல்ல சேதி, கறுப்பு தடவி வந்தால் சாவுச் சேதி. அது எங்கள் பக்கத்தில் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த எழுத்து. கறுப்புத் தடவியதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே நின்று படித்து, படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

"படிக்காதே" என்றாள் அம்மா. அதற்குள் படித்துவிட்டேன். அக்காவின் ஒன்றுவிட்ட அண்ணன் எழுதியிருந்தார். "அக்காவோட அப்பா" என்றேன். அம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவளுக்கு வேற யாரு கீறா?" என்று பூட்டியிருந்த எதிர்வீட்டைப் பார்த்துக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

கார்டை என்ன செய்வது? நம்முடையது இல்லை, அதனால் கிழிக்க முடியாது. கறுப்புத் தடவியது, அதனால் சுவரில் மாட்டவும் முடியாது. நைனா கப்பலிலிருந்து கொண்டுவந்த காலி சிகரெட் டின் ஒன்று மூடியோடு இருந்தது. அம்மா அதில் கார்டைப் போட்டு மூடினாள். மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு பெரம்பூருக்கு நடந்தாள்.

எதைக் கொண்டுபோனாலும் மடியில் முடிந்துகொள்கிறவள், அந்த டின்னை மட்டும் உடம்பில் படாமல் கையை விலக்கியே பிடித்துக்கொண்டு வந்தாள். மூலக்கொத்தளத்துச் சுடுகாட்டு மதிலோரம் வந்தபோது என்னை இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். ஒர்க்‌ஷாப் வாசலில் சங்கு ஊதும்வரை வேலியோரம் நின்றோம். மாமா கையெல்லாம் கரியும் எண்ணெயுமாக வந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். டின்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

படித்துவிட்டுக் குந்தினார். எழுந்திருக்கவே இல்லை. குந்தியபடியே பேசினார்.

"ஏழு மாசம்க்கா. இப்பப் போய் எப்படிச் சொல்றது? பெத்துப் பொழச்சு வரட்டும். அப்பால நானே சொல்றேன்."

"சரி, நீயே வச்சிக்கோ" என்று அம்மா டின்னை நீட்டினாள்.

"ரூம்புல நாலு பேரு கீறோம்க்கா. அங்க எப்படி இத்த வைக்கிறது? நீயே வச்சிரு. கிழிச்சிடாதே. அவ கேட்டா காட்டணும்."

ஆக, யாருமே வைத்துக்கொள்ள முடியாத ஒன்றை அம்மா திரும்பவும் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு இராயபுரம்வரை நடந்து வந்தாள். வீட்டு வாசலில், ஓடு இறங்கி முடிகிற எரவாணத்தில் அதைச் சொருகி, மிச்சமிருந்த பெட்டிக் கம்பியால் கட்டினாள். எங்கள் வீட்டு எரவாணம் தாழ்வு. பெரியவர்கள் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். அந்தக் கம்பி கட்டும்போது அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

பிறகு அக்காவின் அண்ணனிடமிருந்து இன்னும் இரண்டு கடுதாசிகள் வந்தன. மூலையில் மை இல்லை. அம்மா இப்போது சட்டத்தை மாற்றினாள். "முழுசும் படி. அவரப் பத்தி எதுனா வருதா பாரு" என்றாள். இரண்டிலும் வந்தது. கருமாதி நல்லபடி நடந்ததென்று ஒன்றில், படகை விற்கலாமா என்று இன்னொன்றில். இரண்டும் டின்னுக்குப் போயின. சண்டைக்காலத்தில் ஊர்க் கடிதத்தையெல்லாம் பிரித்துப் படித்து அனுப்ப வெள்ளைக்காரன் ஆபீசர்களை வைத்திருந்தானாம். எங்கள் தெருவுக்கு அந்த உத்தியோகம் என்னுடையது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்ததும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். குண்டு விழவில்லை, உறவுக்காரர்களின் பொறுமைதான் தீர்ந்துபோயிருந்தது. வருகிறவர்கள் நேரே எங்கள் அறைக்கு வந்து தங்கள் வீட்டு ஆணியைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். நான் கம்பியிலிருந்து உருவிக் கொடுப்பேன். முனைவீட்டுப் பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு கடுதாசியும் வந்திருக்கவில்லை. வெறும் கம்பியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "தெருவுக்கே வந்துகீது, எனக்கு மட்டும் வரலியா? எங்க ஒளிச்சு வச்சிகினு கீறே?" என்று அம்மாவிடம் சண்டைக்கு வந்துவிட்டாள். அம்மா அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். பிறகு, சங்கு ஊதினால் பள்ளத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்று சர்க்கார் அச்சடித்து வீடுவீடாகப் போட்ட நோட்டீஸில் எங்கள் பிரதியை எடுத்துவந்து அவள் கையில் வைத்தாள். பெரியம்மா அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு சமாதானமாகப் போனாள்.

மார்கழியில் அக்கா வந்தாள். மாமா ஜட்காவிலிருந்து மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம். உடனே வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியும் விட்டார்.

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். எரவாணத்தில் குழந்தையின் தலை இடித்துவிடாமல் கையால் மறைத்துக் குனிந்தவள், ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். குழந்தையை அம்மா வாங்கிக்கொண்டாள். "எங்க வீடு எங்க கண்ணு?" என்று என்னைக் கேட்டாள் அக்கா. இடது சுவரைக் காட்டினேன். மூன்று கார்டுகளையும் உருவிப் படித்தேன். வெள்ளாடு பாவாடையைத் தின்ற இடத்தில் சிரித்தாள். ஆனிக் கார்டைப் படித்து முடித்ததும், "ஆனிக்கப்புறம்?" என்றாள்.

அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தாள். "சண்டைக்காலம்க்கா. தபாலெல்லாம் கப்பல்ல மாட்டிகினு கீதாம்" என்றேன். நாகப்பட்டினத்திலிருந்து இராயபுரத்துக்குக் கடுதாசி கப்பலில் வருவதில்லை என்பது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. படகோட்டி மகளுக்குத் தெரியாமலிருக்குமா?

"இருக்கும் கண்ணு" என்றாள் அக்கா.

கார்டுகளை அவள் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. இங்கேயே இருக்கட்டும் என்று கம்பியில் திரும்ப மாட்டச் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். "படி கண்ணு" என்பாள். சித்திரை, வைகாசி, ஆனி. அதே இடத்தில் சிரிப்பாள். பாய்த்துணி வருகிற இடத்தில் குழந்தையின் பாதத்தைத் தடவிக்கொண்டிருப்பாள். நான் குரலை ஏற்றி இறக்கி, அப்பா பேசுகிற இடத்தில் அப்பாவைப் போலவும் வாத்தியார் பேசுகிற இடத்தில் வாத்தியாரைப் போலவும் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். என் வாழ்க்கையில் என் குரலை அவ்வளவு ஆசையாக வேறு யாரும் கேட்டதில்லை.

அம்மா அவளுக்குப் பால் ஊறட்டும் என்று பால்சுறா வாங்கிப் புட்டு செய்தாள். அக்கா தொடவில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அம்மா மல்லிகைச் சரம் கட்டி வைத்தாள். "வேணாம்க்கா, பூ வச்சா பால் வத்திரும்" என்றாள். அப்படி ஒரு பேச்சு எங்கள் பக்கமும் உண்டு. அதனால் அம்மா வற்புறுத்தவில்லை. ஆனால் அந்தச் சரத்தைத் தானும் வைத்துக்கொள்ளாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

போகி வந்தது. நைனா அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார். விடிகிறபோதே ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார். வீட்டில் கிடந்த காகிதமெல்லாம் பாய்க்கு அடியிலிருந்தும் படத்துக்குப் பின்னாலிருந்தும் வெளியே வந்தது. அவருடைய பாஸும் தேடாமலே அகப்பட்டது. தெரு நடுவில், எங்கள் வாசலுக்கும் அக்கா வாசலுக்கும் இடையில், பழைய பாயும் முறமும் எரிந்துகொண்டிருந்தன. நான் கை நிறையக் காகிதம் கொண்டுபோய் நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். பையன்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, முந்தானையைப் போர்த்திக்கொண்டு வந்து நெருப்புக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உள்ள இருந்த காகிதமெல்லாம் போட்டாச்சாக்கா?"

"ஆச்சும்மா" என்றாள் அம்மா.

"வெளிய இருக்கிறது?"

நைனா கையில் பிடுங்கிய ஆணியோடு அப்படியே நின்றார். அக்கா நிதானமாகச் சொன்னாள்: "எடுத்துட்டு வாக்கா. இந்த வருஷம் எனக்குப் பொங்கல் இல்ல."

நைனாதான் கம்பியை அறுத்து டின்னை இறக்கினார். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. அக்கா கறுப்பு மூலைக் கார்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையசைத்தாள். படித்தேன். நெருப்புப் புகை கண்ணில் பட்டு இரண்டு இடத்தில் தடுமாறினேன். படித்து முடித்ததும் அக்கா கார்டை வாங்கிக் குறுக்கே கிழித்து நெருப்பில் போட்டாள். யார் சொன்னார்களோ, தகரம் தட்டுவது நின்றிருந்தது.

அம்மா அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் குளிரில் குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றினாள். அங்கேதான் அக்கா முதல்முதலாக அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறி அது தெருவரைக்கும் கேட்டது. குடம் காலியான பிறகும் அம்மா அவளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் கதவோரம் நின்றேன்.

தலை துவட்டிவிடும்போது அம்மா கேட்டாள். "உனக்கு எப்பலேந்து தெரியும்?"

"வந்த அன்னைக்கேக்கா. குனிஞ்சப்பவே பார்த்துட்டேன். தெருக் கடுதாசி அத்தனையும் சுவத்துல மாட்டியிருக்கு, ஒரு டின் மட்டும் அதே கம்பியால கட்டி வாசலுக்கு வெளிய இருக்கு. எதை வெளிய வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? யாருதுன்னு மட்டும்தான் தெரியல. அதையும் உன் பாப்பா ஆனியோட நிறுத்திக் காட்டிருச்சு."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அத்தனை பேரும் வாயைக் கட்டிக்கொண்டிருக்க, கடைசியில் வழக்கத்தை விடாமல் அவள் கட்டிய டின்னே சேதியைச் சொல்லியிருக்கிறது. "எல்லாம் என் புத்தி. உள்ள ஒரு மூலைல போட்டிருக்கலாம்" என்றாள்.

"நீ எப்படிக்கா உள்ள வைப்பே" என்றாள் அக்கா. அப்படிச் சொல்லிவிட்டு அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

எல்லா ஆணியும் போன பிறகு சுவரில் அவள் ஆணி ஒன்று மட்டும் இருந்தது. மூன்று கார்டும் அதில் இருந்தன. பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் அக்கா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் கார்டுகளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "வேணாம் கண்ணு. இனிமே படிக்க வேணாம்" என்றாள். என் தலையைத் தடவினாள். ஏன் என்று கேட்டேன். குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

எனக்கு ஒரே காரணம்தான் தோன்றியது. போகி அன்று நான் தடுமாறிப் படித்தேன், அது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் என்னைப் படிக்க வேண்டாம் என்கிறாள். ஒரு மாசமாகத் தெரிந்துகொண்டே அவள் ஏன் தினமும் வந்து உட்கார்ந்தாள், ஏன் சிரிக்கிற இடத்தில் சிரித்தாள், இப்போது ஏன் வேண்டாம் என்கிறாள் என்பதையெல்லாம் யோசிக்கிற வயசு இல்லை எனக்கு. வீட்டுக்கு வந்து வாசற்படியில் நின்றுகொண்டு ஆனிக் கார்டை எடுத்தேன். நான் எவ்வளவு நன்றாகப் படிக்கிறேன் என்று அவளுக்குக் கேட்கட்டும் என்று, எதிர்வீட்டைப் பார்த்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். படகுப் பாயில் நல்ல பாகமாகப் பார்த்துக் கிழித்து வைத்திருக்கிறேன். உப்பு போக அலசிக்கொண்டே இருக்கிறேன். நானே கொண்டுவருவேன்.

எதிர்வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. வாயைப் பொத்தியபடியே என்னை உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டாள். ஓர் எழுத்துக்கூடத் தடுக்காமல் படித்தேனே என்றுதான் அன்று எனக்கு அழுகை வந்தது.